விசர் வாங்கும் என்ர போனும்

மற்றவை கதைக்க, வாயைப் பொத்திக்கொண்டிருந்து சம்பளம் வாங்கிற தொழில் எங்கட உளவளத்துணை. எங்கட அலுவலகம் துறைமுகப் பக்கம், சந்தைக்குப் போற றோட்டில. வாசலில, வாறவை இருக்க ஒரு நீட்டு வாங்கு, அதுதான் பெஞ்ச், கிடக்குது. ஊர் அதுக்கு வைச்ச பேர் "விசர் வாங்கு", பைத்தியங்கள் இருக்கிற இடமாம். பல்லுக்கொதியோட வந்து களைப்பாற இருந்தாலும் அவன் விசரன்தான்! ஊர்வாய்க்குப் பயந்து சீவிக்கிற சக பாவிகளே, உங்களுக்கு விளங்கும். கொரோனா நேரம் வேற வழியில்லாமல் தொடங்கின போன் கவுன்சிலிங்கை நான் இண்டைக்கும் விடாமல் பிடிச்சிருக்கிறது இந்தக் கோதாரி வாங்காலதான்.

கண்ணாடி ஏத்தின லொறி

கிண்ணியாவில அரிசி யாவாரம் செய்யிற முஸ்லிம் நானா ஒருத்தர். மகன் வெளிநாட்டில மௌத்தாகிட்டான். கடையில பத்துப்பேருக்கு முன்னால கல்லு மாதிரி நிண்ட மனுசன். ஆம்பிளை அழக்கூடாதாம், எந்த மடையன் சட்டம் போட்டானோ தெரியாது. லொறியைக் கடற்கரை ஓரம் நிப்பாட்டிப்போட்டு எனக்குப் போன் எடுத்தார். போனுக்குள்ள ஏதோ கறகறவெண்டு சுத்துற சத்தம் கேட்டுது. பிறகு மெல்லச் சொன்னார்: "ரெண்டு பக்கக் கண்ணாடியும் ஏத்திட்டன் தங்கச்சி, இனி அழலாந்தானே?"

கழுத்து அளவு பதினாலு

ரதி இறக்கக்கண்டிப் பிள்ளை, வீட்டில தையல். புருசன் கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்ல. அதுக்குப் பிறகு நித்திரையில்லை, சோறு தொண்டையால இறங்காது. இருக்கிறது மாமியோட. "உனக்கு விசர் தொடங்கிட்டுது, பேத்தியை நான் வளக்கிறன்" எண்டு மாமி ஒவ்வொரு நாளும் வெருட்டுறவ. ரதி எங்கட வாங்கில இருக்கிறதை ஒரு மீன்காரி கண்டால் போதும், அஞ்சு வயசுப் பிள்ளை தாயை விட்டுப் போயிடும்.

அதால எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. மாமி கேட்டால், நான் அவவிட்ட சட்டை தைக்கக் குடுத்த ஆள். "அவர் இல்லாத வீட்டில மூச்சு முட்டுதக்கா" எண்டு விம்மிக்கொண்டிருப்பா. மாமியின்ர செருப்புச் சத்தம் கேட்டதும், "ஓமக்கா, கழுத்து அளவு பதினாலு, கைக்கு லேஸ் வைக்கட்டோ?" எண்டு குரல் மாறும். ஒருநாள் மாமியே போனைப் பறிச்சுக் கேட்டா: "ஒரு சட்டைக்கு எத்தினை மாசம் பிள்ளை, ஊரில வேற தையல்காரி இல்லையோ?"

பெரியவர் இருந்து காட்டினது

எங்கட பெரியவர், அதுதான் அலுவலகத் தலைவர், ஏதோ பயிற்சிக்குப் போட்டு வந்தார். வந்ததும் வராததுமாய், "முகம் பாக்காமல் என்ன கவுன்சிலிங்? வாற மாசத்தோட போனை நிப்பாட்டுங்கோ, எல்லாரும் நேர வரட்டும்" எண்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பேர் சொல்லாமல் ரதியின்ர நிலமையைச் சொன்னன். வாங்கின்ர பேரையும் சொன்னன். சிரிச்சார். "படிச்ச நீங்களே இப்பிடிக் கதைக்கலாமோ? நானே இருந்து காட்டுறன், சனத்துக்கு வெக்கம் போகட்டும்!"

அடுத்த நாள் காலமை, சந்தை கூடுற நேரம், பேப்பரோட வந்து வாங்கில இருந்தார். முழுசாய் ஒரு மணித்தியாலம். போற வாற சனமெல்லாம் பாத்துது. சிலர் பாவமெண்டு தலையாட்டிக்கொண்டு போச்சினம். அவரும் சிரிச்சுக் கை காட்டினார், அதோட முடிஞ்சுது கதை. மத்தியானம் அவற்ற மனுசி எனக்குப் போன் எடுத்துக் குழறினா: "பிள்ளை, இவருக்கு எப்ப தொடங்கினது? லிங்கநகர் மச்சாள் விசர் இறங்கத் தலையில தேய்க்கத் தேசிக்காயோட வந்து நிக்கிறா!"

மறுநாள் என்ர மேசைக்கு வந்தார். தலையில அந்த எலுமிச்சை மணம் இன்னும் போகேல்ல. யன்னலைப் பாத்துக்கொண்டு சொன்னார்: "போன் கிடக்கட்டும்."

நித்திரை

போன் நிக்காதெண்டு ரதிக்குச் சொன்னன். அங்கால தையல் மெசின் ஓடுறது நிண்டுது. பிறகு சொன்னா: "ராத்திரி மகளைக் கட்டிப்பிடிச்சு விடியுமட்டும் நித்திரை கொண்டனான் அக்கா... ஓம், ஓம், சட்டையைப் பிரிச்சுத்தான் தைக்கவேணும், நீங்கள் நாளைக்கும் எடுங்கோ!"

முகம் பாத்துக் கதைக்கவேணுமெண்டு எங்களுக்குப் படிப்பிச்ச பெரியவர், இப்ப அந்த வாங்கைத் தாண்டேக்க மட்டும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு போறார்.