தலைகீழாக வாசித்த பாட்டு

எங்கள் ஓசூர் வீட்டில் ஆளுக்கொரு ஷிஃப்ட் உண்டு. அப்பாவுக்கு கம்பெனி ஷிஃப்ட், அம்மாவுக்கு சமையல் ஷிஃப்ட், அண்ணனுக்கு கிட்டார் ஷிஃப்ட். எட்டாவது படித்த எனக்கு அண்ணனைத் தொந்தரவு செய்வதுதான் வேலை. அவனோடு சேர்ந்து, அடிநாதம் கொடுக்கும் பாஸ் கிட்டாரை வாசித்த நண்பன், அவனுடைய அப்பாவுக்கு மாற்றலாகி வட நாட்டுக்குப் போனபோது, அந்தக் கனத்த கிட்டாரை எங்கள் வீட்டில் விட்டுப் போனான். அன்றிலிருந்து எனக்கும் ஒரு ஷிஃப்ட் கிடைத்தது.

அப்பாவின் கம்பெனியில் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு போவது வழக்கம். அந்த வருஷம் அங்கே மேடை போட்டு, கலைநிகழ்ச்சிக்கு அண்ணனையும் சேர்த்திருந்தார்கள். ஒரு வருஷமாக அவன் உருப்போட்டு வைத்திருந்த இங்கிலீஷ் ராக் பாட்டுக்கு பாஸ் வாசிக்க ஆள் இல்லை. நான் அழுது அடம்பிடித்து அந்த இடத்தைப் பிடித்தேன்.

“நீ சொதப்பினேன்னு வெச்சுக்கோ, தளி ஊருல ஒரு பையன் பாஸ் கத்துக்கினு இருக்கான், அடுத்த தபா அவன்தான் வாசிப்பான்” என்றான் அண்ணன்.

எனக்கு ராகமும் தெரியாது, ஸ்வரமும் தெரியாது. பெங்களூரிலிருந்து அவன் ஜெராக்ஸ் எடுத்து வந்த, ‘டேப்’ என்கிற கிட்டார் குறிப்புத் தாள்தான் என் குரு. அதில் நாலு கோடு, கிட்டாரில் நாலு கம்பி. கோட்டின்மேல் எத்தனை என்று போட்டிருக்கிறதோ, கம்பியில் அத்தனையாவது கட்டத்தில் விரலை வைக்க வேண்டும். கிட்டாரை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் தடித்த கம்பிதான் மேலே தெரிந்தது. ஆகவே மேல் கோடு தடித்த கம்பி என்று முடிவு செய்துகொண்டேன். உண்மையில் மேல் கோடு என்பது மெல்லிய கம்பி. கோட்டின் ஓரத்தில் எந்தக் கம்பி என்று போட்டிருக்கும் எழுத்தை ஜெராக்ஸ் மெஷின் விழுங்கியிருந்தது. முழுப் பாட்டையும் தலைகீழாகக் கற்றுக்கொண்டேன், அதுவும் ஒரு பிசகு இல்லாமல்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. அது இல்லாமல் பாஸ் கிட்டார் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கும். எங்கள் டேப் ரெக்கார்டரிலும் பாட்டு கேட்கும், பாஸ் கேட்காது. அண்ணனும் ட்ரம்ஸ் வாசிக்கும் நண்பனும் பாகலூர் ரோட்டு ஷெட்டில்தான் ஒத்திகை பார்ப்பார்கள்.

“பொட்டப் புள்ளைக்கு ஷெட்டுல என்னா வேலை?” என்று அம்மா என்னை அனுப்பவில்லை. அண்ணன் என் தாளத்தைக் கேட்டான், விரல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தான். எந்தக் கம்பியில் என்று பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

ஆயுத பூஜையன்று மெஷின்களெல்லாம் விபூதி, குங்குமம் பூசி, வாழைக்கன்றோடு நின்றன. வாடகைக்கு வந்த ஆம்ப்ளிஃபயரில் என் கிட்டாரைச் செருகினார்கள். முதல் கம்பியைத் தட்டியதும் கம்பெனி ஷெட்டே அதிர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் பாடத் தொடங்கி இரண்டு வரி போனதும் சட்டென்று திரும்பி என் விரல்களைப் பார்த்தான். நான் பெருமையாகச் சிரித்துவிட்டு இன்னும் ஓங்கி வாசித்தேன்.

அண்ணன் பாட்டை நிறுத்தினான். கிட்டாரிலிருந்து கையை எடுத்துத் தலைக்குமேல் தட்ட ஆரம்பித்தான். ட்ரம்ஸ்காரனிடம் நிறுத்தாதே என்று ஜாடை காட்டினான். கம்பெனியே சேர்ந்து கை தட்டியது. கன்னடக்கார ஆப்பரேட்டர் ஒருவர் “ஒன்ஸ் மோர்!” என்று கத்தினார். கடைசி வரைக்கும் நானும் ட்ரம்ஸும்தான்.

மேடையை விட்டு இறங்கியதும் ட்ரம்ஸ்காரன், “ஏன்டா வுட்டுட்ட?” என்று கேட்டான்.

“ட்யூனிங் எறங்கிப் போச்சுடா” என்றான் அண்ணன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது என் மனது இளகிவிட்டது. அவன் தோளைத் தட்டி, “பரவால்லண்ணா, எல்லாருக்கும் மறக்கும். இன்னும் நல்லா பிராக்டீஸ் பண்ணு” என்றேன்.

“சரிங்க மேடம்” என்றான். தளிப் பையன் பேச்சை அதற்குப் பிறகு அவன் எடுக்கவே இல்லை.

கூடப் பாட்டு இல்லையென்றால் என் தப்பு யார் காதிலும் விழாது என்றுதான், ஒரு வருஷமாகக் காத்திருந்த பாட்டை அவன் அந்த மேடையில் எனக்காக விட்டுக்கொடுத்தான் என்பது உறைக்க எனக்குப் பல வருஷம் ஆனது. அன்று பஸ்ஸில் அவன்மேல் எனக்கு இருந்ததெல்லாம் இரக்கம்தான்.