ஐந்து வாரத் தையலோடு திருமழிசைக்குக் கை நனைக்கப் போனது

வயிற்றில் பைபாஸ் செய்து ஒரு மாதம் ஆகிறது, பஸ் பிடித்துச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகலாமா என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். டாக்டரைக் கேளுங்கள் என்று ஒற்றை வரியில் பதில் போட்டுவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. நானும் அப்படிப் போய் அவஸ்தைப்பட்டவன்தான்.

1987, மார்ச் மாதத்து ஞாயிறு. அந்த வாசகருக்கு எடையைக் குறைக்கப் பைபாஸ் செய்தார்கள். எனக்கு வயிற்றுப் புண் முற்றி இரைப்பையின் வாசலே அடைத்துக்கொண்டது. இரைப்பையின் பக்கத்தில் ஒரு வழி திறந்து, சிறுகுடலை இழுத்து அதில் தைத்துவிட்டார்கள். நோய்க்கு முன் எழுபத்தெட்டு கிலோ இருந்தேன். அந்த ஞாயிறன்று, ஆபரேஷனாகி ஐந்தாவது வாரம், ஐம்பத்தொன்பது. டாக்டர் "நல்லா தேறிட்டே" என்றார். கண்ணாடி வேறு மாதிரி சொன்னது. யாரை நம்புவதென்றே எனக்குப் புரியவில்லை.

பயணம் என் தங்கை வசந்தாவுக்காக. இருபத்தேழு வயது, நான்கு வரன் தட்டிப்போயிருந்தது. ஐந்தாவதாக வந்தவர் திருமழிசைக்காரர், அங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். பெண் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். வசந்தாவும் முதல் தடவையாகத் தலையாட்டினாள். இனி நாங்கள் போய் அவர்கள் வீட்டைப் பார்த்துக் கை நனைக்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் இது. பிடித்தால் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம், அதுதான் சம்மதம். பிடிக்காவிட்டால் தண்ணீரோடு எழுந்து வந்துவிடுவோம். அப்பா இல்லாததால் நனைய வேண்டிய கை என்னுடையது.

"ஆபரேசன் கத ஒண்ணும் அங்க பேசாதடா" என்று அம்மா தலையிலடித்துச் சொல்லியிருந்தாள். "வவுத்துப் புண்ணுன்னா குடிகாரன்னுதான் நெனப்பாங்க."

வசந்தா வாசல் வரை வந்து, "அண்ணே, சொதப்பிடாத" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை.

காலை 8.40க்குப் பட்டாபிராமில் ரயில். துணைக்கு அம்மாவின் தம்பி, கண்ணப்ப மாமா. பேண்ட் இடுப்பில் நிற்காமல் இரண்டு ஊக்கு குத்தியிருந்தேன். துண்டைச் சுருட்டி வயிற்றோடு அணைத்துக்கொண்டேன், யார் முழங்கையும் தையலில் படாமலிருக்க. ஆவடி பன்னிரண்டு நிமிஷம், டிக்கெட் ஒரு ரூபாய். ஆவடியில் பூந்தமல்லி பஸ்ஸுக்கு முப்பத்தைந்து நிமிஷம் காத்திருப்பு. அங்கே என்னோடு நான்கு வருஷம் வேலை பார்த்த ஆள் ஒருவன் என்னைத் தாண்டிப் போனான். கூப்பிடலாமா, வேண்டாமா என்று யோசிப்பதற்குள் போயே விட்டான். என் முகமே எனக்குச் சொந்தமில்லையோ என்று தோன்றியது.

கண்டக்டர் நல்ல மனுஷன். "இன்னா நைனா, நோவா கீறியா? முன்னால குந்து, பின்னால தூக்கிப் போடும்" என்று இடம் பிடித்துக் கொடுத்தார். பத்து கிலோமீட்டர், எண்பது பைசா. பூந்தமல்லியில் பஸ் மாறி இன்னும் ஐந்து கிலோமீட்டர். திருமழிசையில் இறங்கும்போது மணி பதினொன்று. கையிலிருந்த இரண்டு பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டது தவிர காலையிலிருந்து ஒன்றுமில்லை. பசிக்கிறதா என்று கேட்டால் அதற்கும் பதில் தெரியாது. மனசு முழு இலைக்கு ஏங்கும், வயிறு மூன்று பிடியில் கதவைச் சாத்தும்.

வீடு பிடித்தது. மாப்பிள்ளையை இன்னும் பிடித்தது. அவருடைய அம்மாதான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வசந்தா அண்ணன் நல்லா துன்னுவாருன்னு கேள்விப்பட்டேனே, இன்னாப்பா இப்டி ஒட்டிப் போயிட்ட?"

"வேல ஜாஸ்திமா" என்றார் மாமா, என்னை முந்திக்கொண்டு.

பன்னிரண்டரைக்கு இலை போட்டார்கள். கத்தரிக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு, வடை, அப்பளம். அடடா, அந்த வாசனை! மூன்று பிடி இறங்கியது. நான்காவது பிடி நெஞ்சுக்குழியில் நின்றது. மெல்ல மெல்லச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாபா, கோலம் போட்டுகினு கீற? எங்க ஊட்டு சோறு எறங்கலியா? சம்மதமில்லன்னா நேரா சொல்லிட்டுப் போ."

மாமா என் தொடையைக் கிள்ளினார். வசந்தாவின் முகம் கண்முன் வந்தது. கெட்டியாக ஒன்றும் இறங்காது, பாயசம் இறங்குமே என்று நினைத்தேன். ஒரு டம்ளர் பாயசத்தை அப்படியே குடித்தேன். இனிப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஏன் ஆகாது என்று நான் கேட்கவில்லை, முட்டாள்.

கால் மணி நேரத்தில் தெரிந்தது. உடம்பெல்லாம் வியர்வை, இதயம் தடதடவென்று அடிக்கிறது, வயிறு புரட்டுகிறது, கண் இருட்டுகிறது. கொல்லைப்பக்கம் போய்த் துவைக்கும் கல்லில் சாய்ந்துவிட்டேன். தையல் பிரிந்துவிட்டதா, மாரடைப்பா, சாகப் போகிறேனா, ஒன்றும் விளங்கவில்லை. மாப்பிள்ளைதான் ஓடி வந்தார். காற்றுக்காகச் சட்டையைத் திறந்தவர் தழும்பைப் பார்த்துவிட்டார்.

"இன்னா மச்சான் இது?"

முதல் தடவையாக மச்சான் என்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அம்மா சொன்னது உட்பட.

அரை மணியில் உடம்பு தானாகவே சமாதானமானது. வீட்டுக்குள்ளே ஆகவில்லை. "மறைச்சிட்டாங்களே" என்று மாப்பிள்ளையின் அப்பா கத்தினார். "கை நனைச்சாச்சு, இனி பேச்சில்ல" என்று மாமா. "மூணு வாய் துன்னது கணக்கா?" என்று அவர். மாப்பிள்ளையின் அம்மாவுக்கோ வேறு கோபம். "ஏம்பா, சொல்லியிருந்தா கஞ்சி காச்சியிருக்க மாட்டேனா? எங்க ஊட்டு பாயசத்த குடிச்சி உனக்கு எதுனா ஆயிருந்தா நான் எந்த மூஞ்சோட உன் தங்கச்சிய கூட்டியாறது?" அது சம்மதமா, திட்டா? மாமாவுக்கும் தெரியவில்லை. பதில் ஏதும் இல்லாமலே பஸ் ஏறினோம்.

வசந்தா வாசலிலேயே நின்றாள். "நனைச்சியாண்ணே?"

"நனைச்சேன்மா. ஆனா..." என்றேன். உள்ளே போய் எனக்கு ரசஞ்சோறு கரைத்து எடுத்து வந்தாள். அந்த வாரம் முழுக்க என் முகத்தைப் பார்த்து அவள் பேசவில்லை, எனக்கும் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

கேள்வி கேட்ட வாசகருக்கு: முதலில் உங்கள் டாக்டரிடம் அனுமதி வாங்குங்கள். பஸ்ஸில் முன்சீட்டு, கையில் ஒரு துண்டு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள் என்று எனக்குச் சொன்னார்கள், உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். பாயசம் பக்கம் திரும்பாதீர்கள். இனிப்பு இரைப்பையில் தங்காமல் நேரே சிறுகுடலில் கொட்டும், அன்று என்னைச் சாய்த்தது அதுதான். இப்போது பட்டாபிராம் பக்கத்து நெமிலிச்சேரியிலிருந்து வெளிவட்டச் சாலை இருக்கிறது, நான் இரண்டேகால் மணி நேரம் அலைந்த தூரம் காரில் அரை மணிகூட ஆகாது. ஆனால் முக்கியமானது வேறு. போகிற வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுங்கள், எனக்கு வயிறு இவ்வளவுதான் என்று.

அடுத்த ஞாயிறு காலை பத்தரைக்கு எங்கள் வாசலில் மாப்பிள்ளையின் அம்மா நின்றார். இரண்டு பஸ், ஒரு ரயில், கையில் ஒரு தூக்கு. எஸ்டேட் டிஸ்பென்சரி டாக்டரிடம் மகன் விசாரித்து வந்தானாம், எதைக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று. குழைந்த சோறும் பருப்பும், ஒரு சின்னக் கிண்ணம் அளவு.

"எங்க ஊட்ல பாதி கைதான் நனைச்ச" என்றார். "மீதிய முடி. நான் எங்கயும் போவல."

வசந்தா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சாப்பிட்டு முடிக்க இருபத்தைந்து நிமிஷம் ஆனது. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.