கடதாசியில் தங்கச்சி

செதில் சீவும் கத்தி எந்த வேகத்தில் ஓடுகிறதோ, அதே வேகத்தில் தவரத்தினத்தின் வாயும் ஓடும். பாரிஸின் லா சப்பல் பகுதி மீன்கடைக்குள் வரும் யாரையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை. வாங்குகிற மீன்தான் ஆளின் பெயர்.

"வாங்கோ விளைமீன் அக்கா! சூடைத் தம்பி, கொஞ்சம் பொறும், அறக்குளா அண்ணை முதல் வந்தவர்."

அறக்குளா அண்ணை ஒருநாள் வாய்தவறி நண்டு கேட்டுவிட்டார். "என்னண்ணை, எனக்குச் சொல்லாமல் பேரை மாத்திப்போட்டியள்?" கடையே சிரித்தது.

ஊராருக்கெல்லாம் இப்படி ஒரே வீச்சில் பெயர் வைக்கிற மனிதர், சொந்த மகளின் பெயரை மாற்ற நீதிமன்றப் படி ஏறவேண்டியதாயிற்று.

யாழ்ப்பாண வழக்கப்படி பிள்ளையின் பெயரோடு சேர்வது அப்பாவின் பெயர். அங்கே பிறந்த மகன் கிருஷாந்துக்கு 'தவரத்தினம்' ஒழுங்காகச் சேர்ந்தது. பாரிஸில் பிறந்த கஜந்தினிக்கோ நகரசபைக்காரர் பிரெஞ்சு முறைப்படி அப்பாவின் குடும்பப்பெயரை எழுதினார்கள். தவரத்தினத்தின் குடும்பப்பெயர் என்று அவர்கள் பிடித்துவைத்திருந்தது அவருடைய அப்பாவின் பெயரை: சின்னத்துரை.

"எங்கட ஆக்கள் அந்தக் கடதாசியைப் பாத்தால் என்ன நினைப்பினம்? நான் சின்னத்துரையின்ர மகன். இவளும் சின்னத்துரையின்ர மகள். அப்ப நான் பெத்த பிள்ளை எனக்கு ஆர்? தங்கச்சி!" பலகையில் கிடக்கும் பாரைமீனின் தலை துண்டாகும்.

காசாளர் இந்திராதேவி சும்மா இருப்பாரா? "தவம் அண்ணை, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கத் துவங்கியாச்சோ? தமையன்ர பொறுப்பெல்லோ."

"நீர் உம்மட மெசினைப் பாரும்!"

சிரிப்பு அடங்கினால் குரல் இறங்கும். "நாளைக்கு இவள் டொக்டராய் வந்து கதவிலை பேர்ப்பலகை அடிச்சால், அதிலை ஆரின்ர பேர் கிடக்கும்? ஐஸுக்கை கைவைச்சு விறைக்கிறது நான். பேர் என்ர அப்பருக்கு. என்னை ஒருநாள் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போயிருப்பாரோ அந்த மனுசன்?"

'சின்னத்துரை'யை எடுத்துவிட்டு 'தவரத்தினம்' போடச்சொல்லி வழக்கறிஞர் லூசியா வழக்கைப் போட்டார். ஒரே ஒரு முடிச்சு. பதின்மூன்று வயது தாண்டிய பிள்ளையின் சம்மதமில்லாமல் பெயரை மாற்ற முடியாது, கஜந்தினிக்குப் பதினாலு. நீதிபதி அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்பார்.

"அதுக்கென்ன, ஓம் எண்டுவாள்," என்று கடை முழுக்கச் சொல்லிவைத்தார் தவரத்தினம். வீட்டில் அவள் தட்டிலிருந்த மீனுக்கு முள் எடுத்துக் கொடுத்தார். வீடு இருக்கும் கார்ஜிலிருந்து வரும் ரயிலில், 'எனக்கு அப்பாவின் பெயர் வேண்டும்' என்று நீதிபதியிடம் சொல்லவேண்டிய பிரெஞ்சு வசனத்தையும் அவரே சொல்லிக்கொடுத்தார்: "ஜூ வூ லூ நோம் து பப்பா, மடாம்." மகள் உச்சரிப்பைத் திருத்தினாள். சொல்வதாகச் சொல்லவில்லை.

விசாரணை நாளன்று கலியாணக் கோட்டும், மீன் வாசத்துக்கு மேல் அரைப் போத்தல் சென்ட்டுமாக நீதிமன்ற நடைகூடத்து மரவாங்கில் உட்கார்ந்திருந்தார். எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்கிற கஜந்தினி அன்று தமிழில் தொடங்கினாள்.

"அப்பா, நான் மாட்டன் எண்டுதான் சொல்லப்போறன்."

"ஏன் பிள்ளை, அப்பான்ர பேர் அவ்வளவு கூடாததோ?"

"உங்கட பேர் வடிவுதான். ஆனா அது உங்கட. வகுப்பிலை பரிசு தந்தாலும், கதைச்சதுக்கு வெளியிலை விட்டாலும், சின்னத்துரை எண்டால் நான்தான். அப்பப்பாவை நான் கண்டதே இல்லை. அவருக்காண்டி இல்லை. இது என்ர."

  

கதவு திறந்தது. நீதிமன்ற எழுதுவினைஞர் தலையை நீட்டி, "சின்னத்துரை!" என்று கூப்பிட்டார்.

கஜந்தினி எழுந்தாள். கடதாசியில் அவருக்கும் அதே பெயர்தானே. பழக்கத்தில் தவரத்தினமும் எழுந்துவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் மெல்ல உட்கார்ந்தார். அவள் கடந்துபோக வசதியாக முழங்கால்களை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டார்.