அரிந்த கீரைக்கு முகம் இல்லை

கீரையை முதலில் ஆய வேண்டும், அப்புறம்தான் அரிய வேண்டும் என்பது அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களுக்குக்கூடத் தெரியும். பதினோரு வயதாகியும் எனக்குத் தெரியவில்லை. தெரியாதது மட்டுமல்ல, தெரியாமல் செய்த காரியத்தைப் பெரிய உபகாரமாகவும் நினைத்துக்கொண்டு, ஈர மண்ணும் நசுங்கிய தண்டும் கலந்த பச்சை வாசனை விரல்நகங்களில் ஒட்டியிருக்க, பொடிப்பொடியாக அரிந்த ஒரு சட்டிக் கீரையைக் கோப்பை ஜெயித்தவன் மாதிரி இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, வியாசர்பாடியில் நாங்கள் குடியிருந்த ஹவுசிங் போர்டு பிளாக்கின் படிகளில் இறங்கி வந்தேன். அன்றைக்கு நான் தடுக்கி விழுந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும். வாரத்துக்கு இரண்டு முறையாவது அந்தப் படிகளில் உருளுகிறவன்தான் நான். அன்றைக்குப் பார்த்து உருளவில்லை.

எங்கள் பேட்டையில் பையன் என்றால் பந்து உதைக்க வேண்டும். நானும் உதைத்துப் பார்த்தேன். என் காலில் பட்ட பந்து எந்தப் பக்கம் போகும் என்று எதிராளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூன்றாம் நாளே கேப்டன் என்னைத் தனியாக அழைத்து, "மாமு, நீ ஓரமா குந்திகினு எல்லார் செருப்பையும் பாத்துக்கோ, அதான் டீமுக்கு நல்லது" என்று பதவி கொடுத்துவிட்டான். அப்படி ஓரமாகக் குந்தியிருந்த ஒரு மார்கழி மாதத்தில்தான், பிளாஸ்டிக் பைகளோடு கிளம்பிப்போகும் "கீரை செட்டு" என் கண்ணில் பட்டது.

பிளாக்குக்குப் பின்னால் ரயில்வே நிலம் ஒன்று கிடந்தது. மழை ஓய்ந்த நாலாவது வாரம், கருங்கல் ஜல்லிக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் யாரும் விதைக்காத கீரை, யாரும் ஊற்றாத தண்ணீரில், தளதளவென்று நிற்கும். எங்கள் வயதுப் பெண்கள் நாலைந்து பேர் பள்ளிக்கூடம் விட்டதும் போய்க் கிள்ளி வருவார்கள். அந்தச் செட்டுக்குத் தலைவி மஞ்சு. கீழ்த்தளத்து வீடு, என் வகுப்பு, என்னைவிட ஒரு மாதம் மூத்தவள். அந்த ஒரு மாதத்தை அவள் பத்து வருஷமாக வைத்து நடத்தினாள். ஒரே மண்ணில், ஒரே பச்சையில் நிற்கும் இத்தனை செடிகளில் இதைக் கிள்ளு, அதை விடு என்று இவளுக்கு மட்டும் யார் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தாங்க முடியாத புதிராக இருந்தது. செருப்புகளை அவற்றின் விதிப்படி விட்டுவிட்டு, அவர்கள் பின்னால் போனேன்.

முதல் நாள் ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன், வேரோடு வந்தது. மஞ்சு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அது இன்னா ஆடுற பல்லாடா, வேரோட புடுங்கற? கொயுந்து மட்டும் கிள்ளு. நாளிக்கு நாம வர வேணாமா?"

இரண்டாம் நாள், கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டும் என்ற ஞானத்தோடு, எல்லாவற்றிலும் செழிப்பாக இருந்த ஒரு புதரைத் தேடிப் போனேன். அது கம்பெனிக் கழிவு ஓடும் கால்வாயின் கரை.

"அய்ய, கலீஜ்! அந்தத் தண்ணில வானவில்லு மாரி எண்ண மெதக்குது பாரு. அங்க வளந்தத மாடு கூட மோந்துட்டுப் போயிடும். உனுக்கு மாடே தேவல."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் கூடவே சிரித்துவைத்தேன். கேலி செய்கிறவர்களோடு சேர்ந்து நம்மை நாமே கேலி செய்துவிட்டால் பாதி அடி குறையும் என்பது நான் செருப்புக்குக் காவல் இருந்த காலத்தில் கற்றது. ஒரு வாரம் பை தூக்கும் வேலை கிடைத்தது. அதற்குள் குப்பைக்கீரை, சாரணை, மூக்கிரட்டை என்று மூன்று பெயர்கள் வாய்க்குள் வந்துவிட்டன. பெயர்தான் வந்தது, செடி வரவில்லை. ஆனால் அந்த வயதில் எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

கிள்ளி வந்த கீரைக்கு எங்கள் பிளாக்கில் இரண்டு சடங்குகள் உண்டு. ஒன்று, தாழ்வாரத்தில் பழைய பேப்பரை விரித்து, கீரையைக் கொட்டி, மூன்று நாலு பெண்கள் சுற்றி உட்கார்ந்து இலை இலையாகப் புரட்டி ஆய்வது. முக்கால் மணி நேரம் ஆகும். அவர்கள் பேசிக்கொண்டே ஆய்வதால், பேசுவதற்காகத்தான் ஆய்கிறார்கள் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். இன்னொன்று, "மொத வாய்." புதிதாகப் பறிக்கப் பழகுகிறவர் தனியாகப் பறித்துவந்த கீரை என்றால், கடைந்து இறக்கியதும் பறித்தவரே முதலில் ஒரு கரண்டி தின்ன வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுப்பில் உலை வைப்பார்கள். அரிசி வெந்து, கஞ்சி வடித்து முடிக்கும் வரைக்கும் தின்றவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மற்றவர்கள் தட்டை எடுப்பார்கள். யார் ஆரம்பித்த வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அது முதல் பந்தி மரியாதையாகத் தோன்றியது.

அந்தச் சமயம் மஞ்சுவுக்குத் தம்பி பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள் அம்மா செண்பகத்தை நாங்கள் எல்லோரும் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். ஒரு மாதமாகப் பூண்டும் ரசமுமாகப் பத்தியச் சோறு தின்று, "நாக்கு செத்துப்போச்சு நைனா. ஒரு வாய் கலவைக் கீரை கடைஞ்சி துன்னா போதும், எய்ந்து நடமாடிடுவேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் மஞ்சுவால் வெளியே போக முடியவில்லை. செட்டிலிருந்த மற்ற பெண்கள் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டார்கள். ஆக, வரலாறு என்னை அழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தனியாகப் போனேன். இடிந்த சுவர் ஒன்றின் பின்னால், யார் கையும் படாமல், முழங்கால் உயரத்துக்குக் கீரை மண்டிக்கிடந்தது. இத்தனை பேர் தினமும் இந்தப் பக்கம் வந்தும் இந்தப் பச்சையை ஏன் கிள்ளவில்லை என்று ஒரு கணம் யோசித்தேன். அவர்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டது, என் கண்ணுக்குத் தப்பவில்லை என்று பதில் கிடைத்தது. கொழுந்தாகத்தான் கிள்ளினேன். கால்வாய்ப் பக்கம் போகவே இல்லை. வீட்டில் யாரும் இல்லை. அப்பா ஹார்பரில் ஓவர்டைம், அம்மா தண்ணீர் லாரி வரிசையில். அரிவாள்மனையை எடுத்துப்போட்டு, கழுவி, அரிந்து முடித்தேன். மஞ்சுவுக்கு அந்த முக்கால் மணி நேர வேலை மிச்சமாகட்டும் என்று.

அவள் சட்டிக்குள் பார்த்தாள்.

"இன்னாடா இது?"

"கீரை. அரிஞ்சே எட்த்தாந்துட்டேன்."

"யாரு ஆய்ஞ்சது?"

"நான்தான்" என்றேன். பொய்தான். ஆனால் கழுவும்போது பார்த்தேனே.

"அரிஞ்ச கீரைக்கு மூஞ்சி ஏதுடா? இப்ப எதப் பாத்து எதுன்னு சொல்றது நானு?"

உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தாள். "வுடுடி, புள்ள ஆசையா எட்த்தாந்துகீறான். அவன் மூஞ்சப் பாத்து கடையேன்."

மஞ்சு பூண்டு தட்டிப் போட்டுக் கடைந்தாள். கொஞ்சம் கசப்பு வாடை வந்தது. கிண்ணத்தில் ஒரு கரண்டி போட்டு என் முன்னால் தள்ளினாள். முதல் பந்தி அல்லவா, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு அவள் ஸ்டவ்வில் உலை வைத்தாள். அத்தை குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, பாயில் கிடத்திவிட்டு, சுவரில் சாய்ந்து அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரிசி கொதிக்கும்போது எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரின் தேதிகள் எறும்புகளாக வரிசை கலைந்து நகர்ந்தன. மாதம் முடியப்போகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பேச ஆரம்பித்தேன். ஸ்டவ்விடம் பேசினேன். குடத்தைப் பார்த்து "பாஸ் குடு, பாஸ் குடு" என்று கத்தினேன். இல்லாத ஈக்களைக் காற்றில் பிடித்துச் சட்டைப் பையில் போட்டேன். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யோ, இவன் பண்ற கூத்து! தையல் பிரிஞ்சிடும்டா, கம்னு இரு!" நான் எந்த நாளில்தான் உளறவில்லை? ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்கக் கோமாளியாக இருப்பதிலுள்ள ஆபத்து இதுதான்: புத்தி பேதலித்தாலும் கைதட்டுவார்கள்.

சோறு வெந்தது. மஞ்சு பானையில் வடிதட்டைப் பொருத்திச் சாய்த்து வைத்தாள். கஞ்சி வடிந்து நின்றது.

"வடிஞ்சிடுச்சில்ல, போடுடி. பசி கண்ண கட்டுது" என்றாள் அத்தை.

"எனுக்கு ஒண்ணியும் ஆவல அத்தே. ஷோக்கா கீறேன். நீ துன்னு!" என்றேன் நான்.

"இன்னும் வடியல" என்றாள் மஞ்சு. பானையிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. அவள் பானையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை பொறுமையிழந்து, தானே எழுந்து பானையை நிமிர்த்தி, சோற்றைப் போட்டு, கீரையை ஊற்றிப் பிசைந்தாள். அதே நேரத்தில் மஞ்சு என் முகவாயைப் பிடித்து வாசலுக்கு இழுத்து, நடுப்பகல் வெயிலில் என் கண்ணைப் பார்த்தாள்.

"ம்மா! கைய எடு! இவன் கண்ணு முய்க்க கருப்பா கீது. வெயிலுக்குக் கூட சுருங்கல!"

அத்தையின் கை வாய்க்கு எத்தனை தூரத்தில் இருந்தது என்பதை அதற்குப் பிறகு அவள் பலமுறை விரலால் அளந்து காட்டியிருக்கிறாள். நான் அதை இங்கே எழுதப்போவதில்லை. மஞ்சு உள்ளே பாய்ந்து தட்டைத் தட்டிவிட்டாள். அந்தச் சத்தத்தில் குழந்தை விழித்து அழுதது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மிச்சமெல்லாம் பிறர் சொல்லித் தெரிந்தது. எதிர் பிளாக்கு அண்ணன் ஒருவர் தன் மீன்பாடி வண்டியில் என்னைக் கிடத்தி பெரியாஸ்பத்திரிக்கு மிதித்தார். எதனால் என்று டாக்டர் கேட்பாரே என்று மஞ்சு கீரைச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். டாக்டர் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "இதுல எந்த இலைன்னு எப்படிம்மா சொல்றது?" என்றாராம். நல்லவேளை, என் கண்களைப் பார்த்தே ஊமத்தை என்று சொல்லிவிட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். அவரை நான் ரெஃப்ரி என்று அழைத்து, ஆஃப்சைடு கேட்டுத் தகராறு செய்தேனாம்.

இரண்டு நாள் கழித்து வீடு திரும்பியபோது அடி விழும் என்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன். அத்தை திட்டவில்லை. என்னைச் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லி, குழந்தையை என் மடியில் வைத்தாள். அவன் வெதுவெதுப்பாக, பால் வாடையோடு, என் விரலைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த நாள் மஞ்சு என்னை அந்த இடிந்த சுவருக்கு இழுத்துப் போனாள். குப்பைக்கீரைக்கு நடுவே, அதே உயரத்தில், பூ விடாத ஊமத்தைக் கன்றுகள். கசக்கி என் மூக்கில் வைத்தாள். அந்த நாற்றத்தை இன்றைக்கும் இருட்டில் அடையாளம் சொல்வேன். எல்லோர் கண்ணுக்கும் அந்த இடம் தெரிந்தே இருந்தது, அதனால்தான் யாரும் கிள்ளவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குச் செடிகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. குப்பைக்கீரை இலையின் நுனியில் யாரோ நகத்தால் அழுத்தியது போல ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். சாரணையில் ஜோடி இலைகளில் ஒன்று பெரிது, மற்றது சிறிது, அண்ணனும் தம்பியும் நிற்பது போல. மூக்கிரட்டையின் இலையைத் திருப்பினால் அடியில் வெளிறியிருக்கும். அத்தனை நாளும் எல்லாம் என் முன்னால்தான் நின்றிருக்கின்றன. நான்தான் பச்சை என்ற ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது அந்த ரயில்வே நிலத்தில் சிமெண்டு போட்டு கண்டெய்னர் லாரிகளை நிறுத்துகிறார்கள். சிமெண்டு வெடிப்புகளில் சாரணை வருகிறது, டீசல் கசிவுக்குப் பக்கத்தில், கிள்ளத்தான் முடியாது. தாழ்வாரத்தில் பேப்பர் விரிப்பவர்கள் இல்லை. வீட்டுக்கு வீடு குக்கர் வந்துவிட்டதால் யாரும் கஞ்சி வடிப்பதில்லை, வடிப்பதற்காகக் காத்திருப்பதும் இல்லை. போன மாதம் ஆபீஸ் நண்பர்கள் சிலர் மாதவரம் பக்கம் காட்டுக்கீரை தேடிப் போக அழைத்தார்கள். செடிக்கு நேராகப் போனை நீட்டினால் அதுவே பெயர் சொல்கிறதாம். "சரி, மொத வாய் யாருக்கு, போனுக்கா?" என்று கேட்டேன். ஜோக்கு என்று நினைத்துச் சிரித்தார்கள்.

அந்தக் கைக்குழந்தை இன்றைக்கு எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் ஓட்டுகிறான், என்னை "மாமு" என்கிறான். போன வாரம் மாத்தூரில் அவன் மகளுக்குக் காது குத்தினார்கள். பந்தி முடிந்து மஞ்சு கை கழுவிக்கொண்டிருந்தபோது, இத்தனை வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"சோறு வடிஞ்சிபோச்சி. வழக்கப்படி டைம் முடிஞ்சிது. அத்த பசின்னு கத்துது, நானும் நல்லா கீறேன்னு சொல்லிகினே இருந்தேன். அப்பயும் நீ சோறு போடாம நின்னியே, கீரை மேல அவ்ளோ டவுட்டா மஞ்சு?"

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"கீரை மேல இன்னாடா டவுட்டு, ஒம்மேலதான்."