பென்சிலால் எழுதிய பதில்

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. துபாய் கராமாவில் ஆறு பேர் ஓர் அறையில் இருந்தோம். யார் லீவில் ஊருக்குப் போனாலும் மற்றவர்கள் வீட்டுப் பார்சலைச் சுமந்து வருவது வழக்கம். பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டுவோம். ஏர்போர்ட்டில் மாட்டினால் பதில் சொல்ல வேண்டியது நாம்தானே.

அந்தமுறை லீவில் போனது நான். பக்கத்துக் கட்டில் நண்பனின் மனைவி புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பார்சல் கொடுத்தார். "அண்ணே, உள்ள ஒரு புக் இருக்கு. மறக்காம அவுக கையில குடுத்துருங்க" என்று இரண்டு முறை சொன்னார்.

வீட்டில் பிரித்தேன். ஊறுகாய், அதிரசம், புத்தகம். பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கைக் கதை, தமிழில். ஒருவனின் மனைவி என்பதைத் தாண்டித் தான் யார், யாரைக் காதலித்தேன் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். ஓரங்களில் ஏதோ பென்சில் கிறுக்கல்; அதை நான் படிக்கவில்லை. குடும்பப் பெண்ணுக்கு எதற்கு இந்தக் கண்றாவி என்று எரிச்சல்தான் வந்தது. அவர்கள் குடும்பத்தையே காப்பாற்றுகிறவன் மாதிரி, புத்தகத்தைப் பழைய பேப்பர் கட்டுக்குள் செருகிவிட்டுக் கிளம்பினேன்.

துபாய் திரும்பிய வெள்ளிக்கிழமை அறையில் பார்சலைப் பிரித்த நண்பன், ஊறுகாயைத் தொடவேயில்லை. "புக்கு எங்க மாப்ள?"

"வெயிட் கூடிருச்சுடா. எடுத்துப் போட்டுட்டேன்" என்றேன், கூசாமல்.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். ஊரில் போன் கூடத்தில் இருப்பதால் அவன் மனைவி மனம்விட்டுப் பேச முடியாதாம். கடிதம் போட்டால் வீடே படிக்குமாம். அதனால் புத்தக ஓரங்களில்தான் இருவரும் எழுதிக்கொள்வார்களாம்.

"என்னையக் கட்டிக்கிட்டதுல உனக்குச் சந்தோஷமா, உண்மையச் சொல்லுன்னு போன தடவ எழுதியிருந்தேன். 'புக்க எழுதுன அந்தம்மாவப் படிச்சதும் தைரியம் வந்துச்சு, எல்லாத்தையும் எழுதிட்டேன்'னு போன்ல மெல்லமாச் சொன்னா."

வீட்டுக்குப் போன் போட டெலிபோன் கார்டோடு கீழே ஓடினேன். பேப்பரை எடைக்குப் போட்டு இரண்டு நாளாயிற்று என்றாள் என் மனைவி.

பிறகு மனைவியிடம் திரும்ப எழுதச் சொல்லிக் கேட்டானாம். "இன்னொரு தடவ அந்தத் தைரியம் வரலங்க" என்றாராம். "நீ என்ன பண்ணுவ மாப்ள, விடு" என்று என்னைத்தான் தேற்றினான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதும் அந்த வெயிட் பொய்யை நான் திருத்தவில்லை.

இன்றும் அவர்கள் வீட்டுக்குப் போனால் "வாங்கண்ணே" என்று காபி கொடுக்கிறார். நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை. அந்த எழுத்தாளர் தன் பெயரைப் போட்டே அத்தனையையும் எழுதியிருந்தார். நான் இந்த ஒன்றைக்கூடப் பெயர் போடாமல்தான் எழுதுகிறேன்.