ஓதி ஊதாமல் அனுப்பிய காலை

எந்த சோப்பு போட்டுக் குளித்தாலும் என் வீட்டுக்காரர் கழுத்தில் டீசல் வாசனை போகாது. கல்யாணமான புதிதில் எனக்குக் குமட்டும். பிறகு அந்த வாசனை இல்லாமல் பொழுதே விடியாது என்றாகிவிட்டது...

தினமும் காலையில் அவர் கழுத்தருகே முகத்தைக் கொண்டுபோகும் வேலை எனக்கு இருந்தது. ஃபஜ்ர் தொழுது, டீ குடித்து, பேன்ட் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். நான் குள்ளம். அவர் தலையைக் குனிந்து கொடுப்பார். குர்ஆனில் அல்லாஹ்வுக்கு உறக்கமில்லை என்று வரும் ஆயத்துல் குர்ஸியை மெல்ல ஓதி, தலையிலிருந்து நெஞ்சு வரை ஊதி, "அல்லாஹ் காவல்" என்பேன். அப்புறம்தான் செருப்பில் கால் நுழைப்பார்.

"சீக்கிரம் ஊதும்மா, ஹார்பர் கேட்டாண்ட லைன் நிக்குது" என்பார். ஆனால் நான் முடிக்கும்வரை தலையை நிமிர்த்த மாட்டார்.

அப்போது நாங்கள் தண்டையார்பேட்டையில் மாடி போர்ஷனில் இருந்தோம். அவர் ட்ரெய்லர் ஓட்டினார். ஹார்பரில் இரும்புக் காயில் ஏற்றிக்கொண்டு சாத்தாங்காடு மார்க்கெட்டில் இறக்குவார். காயில் என்றால், பாய் சுருட்டுவது போல் சுருட்டிய இரும்புத் தகடு. திடீரென்று பிரேக் போட்டு, கட்டியிருக்கும் செயின் அறுந்தால், அப்படியே முன்னால் உருண்டு டிரைவர் கேபின் மேல் வந்துவிடும். இதை அவரே ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அன்றைக்கு நான் குளித்துக்கொண்டிருந்தேன். வண்டிகளை வரிசையாக உள்ளே விடுகிறார்கள், உடனே வா என்று அவருக்கு போன் வந்திருக்கிறது. "தோ, கெளம்பிட்டேன்" என்று பாத்ரூம் கதவுக்கு வெளியே குரல். படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஈரத்தலையோடு பால்கனிக்கு ஓடினேன். பைக் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அங்கிருந்தே ஓதி, தெருவைப் பார்த்து ஊதினேன்... கீழே காய்கறி வண்டிக்காரர்தான் அண்ணாந்து பார்த்தார்.

அன்றைக்குச் சோறு குழைந்துபோனது. எதிலும் கை ஓடவில்லை.

மதியம் ளுஹர் தொழுகை நேரத்தில் கீழ்வீட்டுச் செல்வி அக்கா மேலே வந்தாள். அவள் தம்பிக்கும் ஹார்பரில்தான் வேலை.

"பயப்படாத மா. எண்ணூர் ரோட்டுல ஒரு ட்ரெய்லர்ல காயிலு கேபின் மேல வந்துச்சாம். யார் வண்டின்னு தெர்ல. அண்ணனுக்கு ஒரு போனு போடு."

போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். திரும்பவும் போட்டேன். உங்களுக்குச் சிரிப்பு வரும்... அந்த ரெக்கார்டு பெண்மணி பேசிக்கொண்டிருக்கும்போதே நான் முழுசாக ஓதி, போனுக்குள் ஊதினேன். செல்வி அக்கா சிரிக்கவில்லை. தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மனை வேண்டினாள்.

என் வாய்க்காற்றில்தான் அவர் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது, நான் விட்டுவிட்டேன் என்றே அப்போது நினைத்தேன்.

ஆட்டோ பிடித்து இருவரும் போனோம். ரோட்டோரம் நசுங்கிக் கிடந்த கேபின் மஞ்சள். எங்கள் வண்டி பச்சை. மூச்சு வந்தது... அதற்குள் டீக்கடைக்காரர், "ரெண்டு பேர ஏத்திகினு போனாங்கோ மா. ரெண்டு பேர் மேலயும் ஒரே ரத்தம்" என்றார்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அவர் நின்றுகொண்டிருந்தார். சட்டை முழுக்க ரத்தம். ஆனால் நின்றுகொண்டிருந்தார். நான்தான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ரத்தம் அவருடையது இல்லை. அவர் வண்டிக்கு முன்னால் போன ஜாபர் பாயுடையது. அவரைக் கேபினிலிருந்து இழுத்தபோதுதான் இவருடைய போன் விழுந்து நொறுங்கியிருக்கிறது.

பெஞ்சில் ஜாபர் பாயின் மனைவி மும்தாஜ். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. என் ஆள் நிற்கிறார், அவள் ஆள் உள்ளே கிடக்கிறார். அவள்தான் என் கையைப் பிடித்தாள்.

"கால்ல கம்பி வெக்கணுமாம். உசுருக்குப் பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒங்க வூட்டுக்காரரு பின்னாடியே வரலன்னா இவரு கேபின்லயே போயிருப்பாரு. காலைல ஓதி ஊதித்தான் அனுப்புனேன் மா. அல்லா ஆள அனுப்பி வெச்சிகீறான் பாரு."

தலையைக் குனிந்து என்னிடம் நின்றிருந்தால் இவர் வரிசையில் எங்கோ பின்னால் இருந்திருப்பார். நான் ஊதாததால்தான்... அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னேன். "இன்னிக்கி நா ஊதவே இல்ல மச்சான்."

"நீ ஊதுனாதான் அல்லா முழிச்சிகினு இருப்பானா? அவனுக்கு ஏது தூக்கம்" என்றார். திருவொற்றியூர் தாண்டியது. அப்புறம், "நாளைக்கி சேத்து ஊதிடு" என்றார்.

இப்போது அவர் வண்டி ஓட்டுவதில்லை. மகள் எர்ணாவூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு, அதே ரோட்டில், அதே ட்ரெய்லர்களுக்கு நடுவில் ஸ்கூட்டியில் போகிறாள். குனிந்து நிற்க அவளுக்கு நேரமில்லை, தலையில் ஹெல்மெட் வேறு. அதனால் வாட்ஸ்அப்பில் ஓதி அனுப்புகிறேன். "கடைசில புஸ்ஸுன்னு காத்து வருது மா, காது அடைக்குது" என்கிறாள். லைவ் லொகேஷனும் போட்டுவிட்டுப் போகிறாள். அந்தக் காலத்தில் ஒரு போன் கிடைக்காமல் தவித்தேன். இப்போது அவள் போகிற ஒவ்வொரு அடியும் தெரிகிறது... தவிப்பு மட்டும் குறையவில்லை. மேப்பில் அவள் புள்ளி சிக்னலில் நின்றால் என் நெஞ்சும் நின்றுவிடுகிறது.

"செல்ல கீழ வை. புள்ளி நின்னா மேலேர்ந்து பாக்கறவனும் நின்னுடுவானா" என்கிறார் இவர். கொஞ்ச நேரம் வைப்பேன்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. மகளுக்கு ஓதி முடித்ததும் இன்னொரு தடவை ஓதி, வெறும் காற்றில் ஊதுகிறேன். அவளுக்குப் பின்னால் ட்ரெய்லர் ஓட்டி வருகிறவன் யாரோ எனக்குத் தெரியாது. அவன் கிளம்பும்போது அவன் மனைவி குளித்துக்கொண்டிருந்திருக்கலாம்.