கூண்டுக்காரி

அந்தச் சுரங்க ஊரில் அவளைக் கூண்டுக்காரி என்று முதலில் கூப்பிட்டவர்கள் வைவதற்காகத்தான் கூப்பிட்டார்கள். அவளும் சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். வைத வாயாலேயே அதை மரியாதையாகச் சொல்லவைக்கும் வரை விடவில்லை. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்களே, அந்த ரகம். அது அவளாகக் கற்றுக்கொண்டதில்லை, அந்த வீட்டு ரத்தம்.

அவளுடைய தாத்தா அந்தக் குழியை முதன்முதலாகத் தோண்டிய ஆட்களில் ஒருவர். நிலக்கரி என்ன நிறம் என்று பார்ப்பதற்கு முன்பே பக்கச் சுவர் சரிந்து, மண் அள்ளுகிற வாளியிலேயே பிணமாக மேலே வந்தார். அன்றைக்கு அவர் பெண்டாட்டி குழிவாசலில் நின்று சொன்னது ஊர் முழுக்கக் கேட்டது. "இனிமே என் வீட்டு ஆம்பளை மண்ணுக்குள்ள போறதா இருந்தா, செத்த பிறகுதான் போவான்." சொன்ன கையோடு மகனை இழுத்துக்கொண்டு போய் இஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலைக்கு விட்டாள். அந்த மகன்தான் கூண்டுக்காரியின் அப்பா. எண்ணெய் போட்டு, சக்கரம் துடைத்து, கடைசியில் இஞ்சினே அவர் கைக்கு வந்தது. ஆட்கள் நிற்கிற இரும்புக் கூண்டைக் கம்பிவடத்தில் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை. ஊரிலுள்ள அத்தனை ஆம்பிளைகளையும் பூமிக்குள் அனுப்பியவர், தாம் மட்டும் ஒரு நாளும் கூண்டில் கால் வைத்ததில்லை.

இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக் குழிவாசல் தெரியாது. குழிவாசலில் ஒருவன் அடிக்கிற மணிதான் பேசும். ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் உள்ளே ஆள் இருக்கிறது, பதமாக விடு. வீட்டிலும் இதே பாஷைதான் நடந்தது. அம்மா கரண்டியால் சட்டியில் ஒரு தட்டுத் தட்டினால் மூன்று மகள்களும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

வருஷக்கணக்காக இஞ்சின் இரைச்சலைக் கேட்டுக் கேட்டு அப்பாவின் காது போய்விட்டது. வெளியே சொன்னால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் அது கம்பெனி வீடு. ஆகவே மூத்த மகளான இவள் சாப்பாட்டுத் தூக்கோடு இஞ்சின் அறைக்குப் போனாள், போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். அப்பாவின் முக்காலிக்குப் பின்னால் நின்று, மணி அடிக்க அடிக்க அதே கணக்கில் அவர் தோளில் தட்டுவாள். அப்பாவின் கை நெம்புகோலைத் தள்ளும். அது அப்படியே நாலு வருஷம் ஓடியது. மகள் பக்கத்தில் நின்றால்தான் இஞ்சின்காரருக்குச் சோறு தொண்டையில் இறங்கும் போலிருக்கிறது என்று ஊரே கேலி பேசியது. பேசட்டும் என்று விட்டார்கள். ஆளில்லாத கூண்டு ஏறி இறங்குகிற நேரங்களில் அப்பா எழுந்துகொண்டு அவளை உட்காரவைத்தார். நெம்புகோல் எந்த இடத்தில் முரண்டு பிடிக்கும், எந்த இடத்தில் வழுக்கும் என்பதெல்லாம் அவள் உள்ளங்கைக்குத் தெரிந்துபோயிற்று.

காதை மறைக்க முடிந்தது, கையை மறைக்க முடியவில்லை. எண்ணெய்ப் படியில் வழுக்கி விழுந்து அப்பாவின் வலது மணிக்கட்டு நொறுங்கியது. சுரங்க மேலாளர் வீட்டு வாசலுக்கே வந்து, வீட்டில் ஆம்பிளை இருந்தால் வேலை, இல்லையென்றால் மாசக் கடைசியில் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அன்றைக்கே மாப்பிள்ளை தேடக் கிளம்பினாள். ஆள் எப்படியிருந்தாலும் சரி, இரண்டு கையும் முழுசாக இருந்தால் போதுமாம்.

"வேலைக்கு எதுக்கும்மா புருஷன்? நெம்புகோல் மாப்பிள்ளையா கேக்குது?" என்றாள் மகள்.

மேலாளரிடமும் அதையேதான் போய்க் கேட்டாள். மனுஷர் சிரித்தார். சிரித்தாலும், இரவு பகலாக இரட்டை வேலை பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு இஞ்சின்காரர் நின்றபடியே தூங்கிக்கொண்டிருப்பதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவள் கூண்டில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து அடிமட்டம் வரை இறக்கி, தளும்பாமல் திரும்ப ஏற்றிக் காட்டினாள். அவர் தலையைச் சொறிந்தார். "ஆளுங்க ஏறினா வேலை உனக்கு. மாசம் முடியறதுக்குள்ள ஏறலேன்னா, வீட்டைப் பத்தி என்கிட்ட வராதே."

ஆளுங்க ஏறவில்லை. கரி வெட்டுகிறவர்களுக்கு மீசை என்று ஒருவர் தலைவர். பெண்பிள்ளை நிழல் குழிவாசலில் விழுந்தாலே ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை, இதில் பெண்பிள்ளை கையில் உயிரையே கொடுப்பதா என்று அவர் திரும்பிவிட்டார். திரும்பியவர் வீட்டுக்குப் போகவில்லை. காற்றுக் குழியில் ஆபத்துக்கென்று ஓர் இரும்பு ஏணி உண்டு, அதில் இறங்கினார். மற்றவர்களும் பின்னாலேயே இறங்கினார்கள். இறங்குவதாவது பரவாயில்லை, நாள் முழுக்கக் கரி வெட்டிவிட்டு ஏறுவது இருக்கிறதே! மேலே வந்து சேரும்போது ஒவ்வொருவரும் அன்றைக்குத்தான் நடை பழகுகிற பிள்ளை மாதிரி வந்தார்கள்.

அவள் ஒருவரையும் கெஞ்சவில்லை. வேலை தொடங்குகிற நேரத்துக்குக் காலிக் கூண்டை இறக்குவாள், முடிகிற நேரத்துக்குக் காலிக் கூண்டை ஏற்றுவாள். "கூண்டுக்காரி, உள்ள யாரு, உன் மாமியாரா?" என்று கேட்டுக்கொண்டே முழங்காலைப் பிடித்தபடி போவார்கள். இப்படியே மாசம் பாதிக்கு மேல் கரைந்தது. முதல் ஆளாக ஏற ஒருவருக்கும் துணிச்சலில்லை, இரண்டாவது ஆளாக ஏற எல்லாருக்கும் ஆசை.

அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். நாலு வருஷமாக உன் காதை நம்பித்தானே இறங்கினார்கள், அதைச் சொல்லித் தொலையேன் என்றாள்.

"அப்பா பேரை வித்து எனக்கு வேலை வேணாம்" என்று மகள் சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களைப் பழைய இடத்தில் அடுக்கினாள். அம்மா மறுபடி கட்டினாள். இவள் மறுபடி அவிழ்த்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் சாக்கு பேசியதே, அது போதும் அவருக்கு.

மறுநாள் காலையில் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கட்டுப் போட்ட கையோடு குழிவாசலுக்கு வந்தார். மேலாளரும் அங்கேதான் நின்றார். காது கேளாதவர் பேச்சு எப்போதும் உரக்கத்தானே வரும்? இஞ்சின் அறையில் இருந்த மகளுக்கும் கேட்டது.

"நாலு வருஷமா உங்களை இறக்கினது என் கை. காது எனக்கில்ல, இடி விழுந்தாலும் கேக்காது. காது என் மகளோடது."

மீசை நேராக இஞ்சின் அறைக்கு வந்து நின்றார். "நெசமாம்மா? எங்க உசுரோட வெளையாடினீங்களா?"

"வெளையாடலை மாமா, வேலை பார்த்தோம்" என்றாள் அவள். "நாலு வருஷத்துல கூண்டு ஒரு தடவை இடிச்சிருக்கா? நீங்களே சொல்லுங்க."

அதற்குள் குழிவாசலில் அப்பா கூண்டுக்குள் ஏறிவிட்டார். எங்கம்மா சொல்லை இன்றைக்கு மீறுகிறேன், உயிரோடு போய் உயிரோடு வருகிறேன், பாருங்கள் என்றார். மணியடிக்கிறவன் திகைத்து நிற்க, அவரே கயிற்றைப் பிடித்து இழுத்தார். மூன்று மணி. பிறகு இரண்டு.

தளும்பாத தண்ணீரை இறக்கியதைவிடப் பதமாக அவள் இறக்கினாள். கம்பிவடம் ஓடி, நின்றது. அடிமட்டத்திலிருந்து ஒரே ஒரு மணி வந்தது. அது கூண்டை நிறுத்தச் சொன்னதா, மேலே நின்றவர்களை வாயை மூடச் சொன்னதா என்று அவள் அம்மாவைக் கேட்டால் தெரியும். அப்பா சொன்னபடியே உயிரோடு மேலே வந்து இறங்கினார். அடுத்த நடைக்கு மீசை ஏறினார். அவர் பின்னால் இடித்துக்கொண்டு மற்றவர்கள். ஒரே ஒரு பிடிவாதக்காரர் மட்டும் முழங்கால் உள்ள வரைக்கும் ஏணியிலேயே போய் வந்தார். அவருக்கும் தினமும் மாலையில் கூண்டு காத்திருக்கத்தான் செய்தது.

வேலையும் வீடும் தங்கின. ஆனால் காதை மறைத்ததற்குத் தண்டனையாக, ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கம்பெனி கொடுக்கும் சுவர்க்கடிகாரத்தை அப்பாவுக்குக் கொடுக்கவில்லை. அதற்காக அம்மா முன்கூட்டியே சுவரில் அடித்து வைத்த ஆணி வெறும் ஆணியாகவே நின்றது.

சுரங்கம் மூடும் வரை அவள்தான் இஞ்சினில் இருந்தாள். இறக்கியவர்களை எல்லாம் ஏற்றினாள். கடைசி நாளில் புது மேலாளர் கைதட்டலோடு அவளிடம் ஒரு கடிகாரத்தை நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"எங்க வீட்டுக்கு ரெண்டு வரணும் சார். முதல்ல எங்கப்பாவோடது. அப்புறம் என்னோடது."

அவர் பழைய கதை எதுவும் தெரியாமல் விழித்தார். ரெண்டாகக் கொடுக்க வழியில்லை என்றார். அப்படியென்றால் ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டாள். கம்பெனி இன்னும் காலி பண்ணச் சொல்லாத அந்த வீட்டின் ஆணியில் இப்போது அவள் குடையை மாட்டுகிறாள். யாராவது மணி என்ன என்று கேட்டால், போய்க் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறாள்.